மிதியாக்காட்டில் ஒரு தடம்

மூன்றாவது நாளும் தடமானி சுழியம் என்றே காட்டியபோது, சந்தோஷப்படுவதா கவலைப்படுவதா என்று பெனிட்டாவுக்குத் தெரியவில்லை.

ஆராய்ச்சியாளராகப் பார்த்தால் அது அவள் வாழ்நாளில் பார்த்த மிக அழகான அளவீடு. நூற்றுப் பத்து ஏக்கர் காடு. அறுநூறு வருடங்களாக அதற்குள் ஒரு மனிதக் கால்கூடப் பட்டதில்லை. இதுவரை பதினேழு மலைகளை அளந்திருக்கிறாள். எத்தனை அடர்ந்த காடாக இருந்தாலும் எப்போதோ ஒரு வேட்டைக்காரனோ, வழி தவறிய மாட்டுக்காரனோ நடந்துபோன தடம் மண்ணுக்குள் எங்காவது இருக்கும். இங்கே இல்லை.

ஆனால் அவள் ஈங்கமலைக்கு வந்தது இதைக் கண்டுபிடிக்க அல்ல. ஈங்கமலையைத் தேசியப் பூங்காவாக அறிவிக்கப் போகிறார்கள். அதற்கு முன்னால், மலையில் வாழும் ஈங்கர் மக்களின் புனித இடங்கள் எவை என்று அளந்து சொல்வதுதான் அவள் வேலை. ஈங்கர் காட்டிய இடங்களிலேயே முதன்மையானது இந்தக் காடு. அதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் மிதியாக்காடு.

அவள் தங்கியிருந்தது கீழ்க்குடியின் தேன் கூட்டுறவுக் கொட்டகையில். நாற்பத்திரண்டு வீடுகள் கொண்ட கீழ்க்குடிதான் ஈங்கரின் பெரிய ஊர். கூட்டுறவின் செயலாளரும் கிராம சபைத் தலைவியும் ஒருவரே. மசினி, நாற்பத்தெட்டு வயது. கணவர் இறந்து பத்து வருடம் ஆகிறது. மெழுகை உருக்கிக்கொண்டே பேசுவார், பேசிக்கொண்டே தொலைபேசியில் ஆர்டர் எடுப்பார்.

"இன்னிக்கி என்ன சொல்லுது உங்க எந்திரம்?" என்று கேட்டார் மசினி.

"சுழியம்தான் அக்கா. உள்ள யாருமே போனதில்லன்னு சொல்லுது."

"அது தெரிஞ்சதுதானே. அத அளக்க மூணு நாளா?" மசினி சிரித்தார். "எங்க சாமி இருக்கிற எடம். கால் பட்டா எந்திரிச்சுப் போயிரும். அதனாலதான் சுத்தி நடப்போம், உள்ள போக மாட்டோம். சரி, அது எப்படித்தான் கண்டுபிடிக்குது?"

தடமானி பெனிட்டா உருவாக்கியது. நான்கு பேர் சேர்ந்து தொடங்கினார்கள். மற்ற மூவரும் வேறு வேலைகளுக்குப் போய்விட்டார்கள், இவள் மட்டும் பதினோரு வருடம் அதையே கட்டிக்கொண்டு கிடந்தாள்.

"நம்ம உள்ளங்கால்ல கண்ணுக்குத் தெரியாத உயிருங்க கோடிக்கணக்கா இருக்கு," என்றாள். "காலை ஊனினா மண்ணுக்குள்ள இறங்கிரும். அங்கயே தங்கிப் பெருகும். நாய்க்கு, மானுக்கு, எல்லாத்துக்கும் வேற வேற. மனுசருக்குள்ளயே ஆளுக்கு ஆள் வேற. மழைக்கு மழை மேல புதுமண் படியுதுல்ல, அந்த அடுக்கை வச்சு எந்த வருசம்னு சொல்லிரலாம். இந்த ட்ரோன் போய் ஊசியக் குத்தி மண்ணை எடுத்துட்டு வரும். அவ்வளவுதான்."

அந்த ட்ரோனை உள்ளே விடலாமா என்று கீழ்க்குடிக்காரர்கள் அரை நாள் கூடிப் பேசியிருந்தார்கள். கடைசியில், காலே இல்லாத ஒன்று எப்படி மிதிக்கும் என்று மசினியின் தம்பி துடியன் கேட்டதும் அனுமதித்துவிட்டார்கள்.

"நல்ல எந்திரம்," என்றார் மசினி. "நாங்க பொய் சொல்லலன்னு சொல்லிருச்சு."

பெனிட்டா தலையை ஆட்டினாள். அடுத்ததைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. மாலையில் அதிகாரி சதக்கத்துல்லா வந்துதான் சொல்ல வேண்டியிருந்தது.

சதக்கத்துல்லா பூங்காவின் உரிமை விசாரணை அதிகாரி. ஓய்வுபெற ஒன்றரை வருடம் இருந்தது. முழங்கால் வலி உள்ளவர், ஜீப்பிலிருந்து இறங்கியதும் ஒரு நிமிடம் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கொட்டகை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அளவீட்டைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"டாக்டர், இது சிக்கலாச்சே."

"தெரியும் சார்."

"என்ன சிக்கல்?" என்றார் மசினி.

அவர் சுற்றி வளைக்காமல் சொன்னார். "சட்டத்துல ரெண்டு விதிம்மா. ஒரு எடத்துக்குள்ள இருபத்தஞ்சு வருசம் விடாம ஜனங்க போய் வந்த தடம் இருந்தா அது பண்பாட்டுத் தலம். அப்ப அந்த எடம், அதுக்குப் போற பாதை, பக்கத்துல இருக்கிற ஊர், எல்லாம் அப்படியே இருக்கும். தடமே இல்லாத எடம்னா அது தூய வனம். அதைச் சுத்தி மூணு கிலோமீட்டருக்கு மனுச வாடையே இருக்கக் கூடாது."

மசினி மெழுகுக் கரண்டியை வைத்தார். "கீழ்க்குடி ஒன்றரை கிலோமீட்டர்லதான இருக்கு."

"ஆமா."

"அப்ப மிதிச்சிருந்தா சாமி எடம்னு எழுதுவீங்க. சாமி எடம்னு மிதிக்காம இருந்தா, சாமி இல்லேன்னு எழுதி எங்களையும் அனுப்புவீங்க."

பெனிட்டா சொன்னாள்: "சுத்துப்பாதையில தடம் இருக்கு சார். அறுநூறு வருசத்துத் தடம். சுத்தி நடக்கிறதே அவங்க வழிபாடு. அத எழுதலாமே?"

"எல்லைக்கு உள்ளேன்னு இருக்கு டாக்டர். சுத்தின்னு இல்ல. நான் எழுதி அனுப்பினா மேல ஒரே கோட்டுல அடிச்சிருவாங்க." அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "ஒரு நூல் அளவு தடம் உள்ள இருந்தாக்கூடப் போதும். இருபத்தஞ்சு வருசம் இருந்தா நான் எழுதிருவேன். நீங்க எத்தன அடிக்கு ஒரு குத்து குத்துனீங்க?"

"பத்து மீட்டருக்கு ஒண்ணு."

"நெருக்கமாக் குத்திப் பாருங்களேன்."

இந்தச் சட்டத்தை மோசம் என்று பெனிட்டாவால் ஒதுக்கிவிட முடியவில்லை. அது வருவதற்கு முன்னால், யார் வேண்டுமானாலும் காட்டுக்குள் ஒரு கல்லை நட்டுக் கோயில் என்று சொல்லிவிடலாம். உண்மையான இடம் வைத்திருந்த மலைமக்களிடமோ ஆதாரம் கேட்டு விரட்டினார்கள். தடமானிதான் முதல் முதலாக அவர்கள் பக்கம் சாட்சி சொன்னது. செம்பாறை மலையில் ஓர் இடுகாட்டைச் சுரங்கத்துக்குக் கொடுக்கப் போனபோது, முந்நூறு வருடத்துத் தடத்தை எடுத்துக்காட்டி அதைத் தடுத்தவள் அவள்தான். அன்று அந்த மக்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அதே இயந்திரம் இங்கே ஓர் ஊரைக் காலி செய்யச் சொல்கிறது. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

ஒரு மீட்டருக்கு ஒரு குத்தாக அளக்க மேலும் இரண்டு வாரம் ஆனது. ஏதாவது கிடைக்க வேண்டும் என்று நினைத்தாள். கிடைக்கக் கூடாது என்றும் நினைத்தாள்.

கிடைத்தது.

மேற்கு ஓரத்திலிருந்து காட்டுக்குள் நூற்று நாற்பது மீட்டர் போகும் ஒற்றைத் தடம். ஓடைக்கரையில் ஒரு பாறையருகே முடிந்து, அதே வழியில் திரும்பி வந்தது. ஓர் ஆள் நடக்கும் அகலம். ஒரே ஆள். வருடத்துக்கு ஒரு முறை, ஐப்பசி மழை தொடங்கும் சமயத்தில், இருபத்தேழு வருடமாக. கடைசித் தடம் பதினொரு மாதம் பழையது.

அளவெடுப்பின் தொடக்கத்தில், ஊரார் தடத்தையும் வெளியார் தடத்தையும் பிரித்துப் பார்ப்பதற்காக, கீழ்க்குடியில் எல்லோரும் பஞ்சில் உள்ளங்காலைத் துடைத்துக் கொடுத்திருந்தார்கள். பெனிட்டா ஒப்பிட்டுப் பார்த்தாள். திரையில் வந்த பெயரைப் பார்த்துவிட்டு, மாதிரிகள் கலந்துவிட்டதோ என்று மறுபடி ஒப்பிட்டாள். மூன்றாவது முறையும் ஒப்பிட்டாள்.

மசினி.

அன்று முற்பகல், வேலைக்கு வந்த பெண்கள் எல்லோரும் தேனடை எடுக்கக் காட்டுக்குப் போயிருந்தார்கள். மசினி மட்டும் கொட்டகையில் பாட்டில்களுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தார். பெனிட்டா திரையை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். விளக்க வேண்டியிருக்கவில்லை. மரங்களுக்கு நடுவே போய்த் திரும்பும் அந்தக் கோட்டை மசினி விரல் படாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாறை வரைக்கும் காட்டுதே," என்றார் கடைசியில்.

"அக்கா, இது தப்பா இருந்தா சொல்லுங்க."

"தப்பில்ல." மசினி எழுந்துபோய் வாசலைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். "அப்ப எனக்கு இருபது வயசு. பெருமழை வருசம். காட்டுக்கு அந்தப் பக்கம் மேல்குடியில எங்க வீட்டுக்காரர் வேலை செஞ்சிட்டிருந்தாரு, அங்க இருந்தேன். ஏழு மாசம். வலி வந்திருச்சு. ஆஸ்பத்திரிக்கு எறங்கலாம்னா ரோடு போயிருச்சு. அவரு கீழ எறங்கினவரு மழையில மாட்டிக்கிட்டாரு. ஊருக்காச்சும் போயிரலாம்னு சுத்துப்பாதை வழியா நான் மட்டும் வந்தேன். பாதி வழியிலயே பொறந்திருச்சு. பொண்ணு. ஒரு நாழி இருந்துச்சு. கையை மடக்கி மடக்கி விரிச்சுது."

பெனிட்டா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பாதையில வைக்க மனசு வரல. நாளைக்கு ஊரே அது மேல நடந்து போகும். எங்க பொதைச்சாலும் மாடு மிதிக்கும், மனுசன் மிதிப்பான். யாருமே மிதிக்காத எடம் ஒண்ணுதான் இருந்துச்சு. அது என் கைக்கு எட்டுற தூரத்துல இருந்துச்சு." மசினி ஒரு மூடியைத் திருகினார், திறந்தார், மறுபடி திருகினார். "ஊருக்கு வந்து, வயித்துல இருந்தது மேல்குடியிலயே கலைஞ்சிருச்சுன்னு சொன்னேன். அவர்கிட்டயும் அதான் சொன்னேன். அப்புறம் வருசா வருசம் போய்ப் பாத்துட்டு வருவேன். நான் எதுவும் கொண்டுபோறதில்ல. பேசறதுமில்ல. சும்மா பாத்துட்டு வருவேன்."

"யாருக்கும் தெரியாதா?"

"தெரிஞ்சா ஊர்ல வச்சிருப்பாங்களா? மிதிச்ச ஆள் மலையை விட்டு எறங்கணும். எங்க முறை அது. இந்த ஆறு வருசமா தலைவியா இருந்து அந்த முறையச் சொல்றதே நான்தான்."

வெளியே ஒரு வண்டி போகும் சத்தம் கேட்டது. மசினி நிமிர்ந்து உட்கார்ந்தார். "இருபத்தேழு வருசம்னு காட்டுதுல்ல? அவரு கேட்டது இருபத்தஞ்சு. எழுதிக் குடுங்க மேடம்."

"உங்க பேர் வரும் அக்கா."

"வரட்டும். நான் ஒருத்தி எறங்கிப் போறேன். நாப்பத்திரண்டு வீடு எறங்க வேண்டாம்ல."

பெனிட்டா இரண்டு நாள் எழுதவில்லை. எழுதினால் ஊர் தப்பிக்கும், மசினி போவார். எழுதாவிட்டால் மசினியையும் சேர்த்து ஊரே போகும். கணக்கு அவ்வளவு எளிதாக இருந்தும் அவளால் முடிவுக்கு வர முடியவில்லை. ஒரு பெண் இருபத்தேழு வருடம் மறைத்து வைத்ததைத் தோண்டி எடுக்கும் உரிமை தனக்கு எங்கிருந்து வந்தது? பஞ்சில் காலைத் துடைத்துக் கொடுத்தபோது மசினி எதற்குச் சம்மதித்தார்? நாகர்கோவிலில் இருந்த அம்மாவைத் தொலைபேசியில் அழைத்தாள். "நல்லாத்தான் இருக்கேன்மா, மழை இல்ல," என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள்.

விசாரணை நாளன்று காலையில் அறிக்கையைக் கொடுத்தாள். பெயர் எழுதாமல் "ஊரைச் சேர்ந்த ஒருவர்" என்று எழுதியிருந்தாள்.

பள்ளிக்கூடத்தில் கூட்டம் நடந்தது. ஊரில் நடக்க முடிந்த எல்லோரும் வந்திருந்தார்கள். சதக்கத்துல்லா எழுந்து, மேற்கு ஓரத்தில் இருபத்தேழு வருடத் தடம் ஒன்று இருப்பதாகவும், அதனால் மிதியாக்காட்டைப் பண்பாட்டுத் தலமாக ஏற்கலாம் என்றும், கீழ்க்குடி இருந்த இடத்திலேயே இருக்கும் என்றும் வாசித்தார். நல்ல செய்தி சொல்கிறோம் என்ற நினைப்பில் அவர் குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது. யாரும் கைதட்டவில்லை.

"அது ஊர் வழிபாடுதான்னு நீங்க உறுதி சொன்னாப் போதும்," என்றார் அவர்.

மசினி எழுந்தார்.

"வழிபாடு இல்ல. போனது நான்," என்றார். "எம் புள்ளைய அங்க வச்சிருக்கேன். அதப் பாக்கப் போனேன். ஊருக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. என்ன முறையோ அதச் செய்யுங்க. தடத்தை எழுதிக்கிட்டு ஊரை விட்டுருங்க."

கூட்டம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

துடியன் எழுந்து நின்றான். மசினியைவிட நான்கு வயது இளையவன், வனக்காவலர் வேலை பார்ப்பவன், சட்டத்தின் அடியும் நுனியும் அறிந்தவன். அக்காவைப் பார்க்காமல் அதிகாரியைப் பார்த்துச் சொன்னான்.

"அக்கா போகல சார். யாரும் போகல. எந்திரம் தப்பு."

"துடியா..." என்றார் மசினி.

"ஐப்பசியில அவ எங்கயும் போக மாட்டா," என்றாள் முன்வரிசையில் இருந்த ஒருத்தி. "எங்கூடத்தான் தேன் வடிப்பா."

"எங்க வீட்டுக்கு வருவா," என்றாள் இன்னொருத்தி.

"கால் படாத காடு சார் அது. அன்னிக்கும் இன்னிக்கும்."

ஒருவர் பின் ஒருவராக எழுந்து சொன்னார்கள். சொல்வதற்கு முன் மிதியாக்காடு இருந்த திசையைப் பார்த்துக் கைகூப்பினார்கள். அதுதான் அவர்கள் சத்தியம் செய்யும் முறை. சதக்கத்துல்லா எழுதிக்கொண்டே போனார். நடுவில் நிறுத்தினார்.

"ஒரு நிமிசம். இந்தம்மாவே போனேன்னு சொல்றாங்க. பிள்ளை அங்க இருக்குன்னு சொல்றாங்க."

"அவளுக்குப் புள்ளையே பொறக்கல சார்," என்றான் துடியன். "எழுதிக்கோங்க."

மசினி நின்றுகொண்டே இருந்தார். பிறகு யாரோ அவர் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்கள்.

சதக்கத்துல்லா கூட்டத்தை அரைமணி நேரம் நிறுத்திவிட்டு பெனிட்டாவை வேப்பமரத்தடிக்கு அழைத்துக்கொண்டு போனார்.

"முப்பது வருச சர்வீஸ்ல இப்படிப் பாத்ததில்ல," என்றார். "குத்தவாளி ஒத்துக்கிறாங்க. சாட்சி பூரா இல்லேங்குது. தனக்கு நல்லது வருதுன்னு தெரிஞ்சும் வேணாங்குது. எனக்குத் தலையும் புரியல வாலும் புரியல."

"மிதிச்சாச்சுன்னு அவங்க வாயால ஒத்துக்கிட்டா அங்க சாமி இல்ல சார். அப்புறம் ஊர் இருந்து என்ன?"

"இல்ல, அந்தப் பொம்பளையைக் காப்பாத்தறாங்களா?"

"அதுவும் தெரியல."

அவர் முழங்காலை நீவிக்கொண்டே மரத்தில் சாய்ந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "பதினாலாவது விதி ஞாபகம் இருக்கா? ஊர் ஒட்டுமொத்தமா சத்தியம் செஞ்சு கருவி தப்புன்னு சொன்னா, நிபுணர் ரெண்டுல ஒண்ணு எழுதிக் கையெழுத்துப் போடணும். கருவி சரின்னு எழுதினா, ஊர் பொய்ச் சத்தியம் செஞ்சதாகும். அவங்க உரிமை பூரா போயிரும். கருவி பிழைன்னு எழுதினா..."

"எழுதினா?"

"அந்த மலையில கருவி சொன்னது எதையும் எடுத்துக்க முடியாது. தடமும் செல்லாது." அவர் அவளைப் பார்த்தார். "சுழியமும் செல்லாது. தூய வனம்னு அறிவிக்க ஆதாரம் இல்ல. நான் பழைய முறையில வீடு வீடாப் போய்க் கேட்டு எழுதணும். அவங்க சொல்றதுதான் ஆதாரம்."

பெனிட்டாவுக்கு அது புரிய ஒரு கணம் ஆனது. புரிந்ததும் அடுத்தது நினைவுக்கு வந்தது.

"செம்பாறை கேஸ் மேல்முறையீட்டுல இருக்கு சார். என் கருவி பிழை செய்யாதுங்கிறதை வச்சுத்தான் அந்த இடுகாடே நிக்குது. இங்க பிழைன்னு எழுதினா அங்க..."

"எனக்குத் தெரியாதுன்னா நினைக்கிறீங்க?"

"நான் என்ன செய்யணும்னு சொல்லுங்க."

"அத மட்டும் கேக்காதீங்க டாக்டர்," என்றார் சதக்கத்துல்லா. அவர் குரலில் கோபம் இல்லை, கெஞ்சல் இருந்தது.

பள்ளிக்கூட ஜன்னல் வழியே மசினியின் முதுகு தெரிந்தது. இருபுறமும் பெண்கள் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். அவரைக் காக்கிறார்களா, எழுந்துவிடாமல் பிடித்திருக்கிறார்களா என்று பெனிட்டாவால் சொல்ல முடியவில்லை. பதினோரு வருடத்தில் அவள் கருவி தந்த மிகத் துல்லியமான அளவீடு மசினியின் தடம். ஜீப்பின் பானெட் மீது தாளை வைத்து, "ஈங்கமலை அளவீடு பிழையானது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மசினிக்காகப் போட்டாளா, ஊருக்காகவா, இல்லை இந்த இடத்தை விட்டுக் கிளம்பினால் போதும் என்று போட்டாளா என்று பின்னாளில் பலமுறை யோசித்துப் பார்த்தாள். விடை கிடைக்கவில்லை.

கிளம்பும்போது துடியன் கருவிப் பெட்டிகளை ஏற்ற உதவினான். பக்கத்தில் யாரும் இல்லாதபோது கேட்டாள்: "உங்களுக்கெல்லாம் முன்னாடியே தெரியுமா?"

"என்ன தெரியணும் மேடம்?" என்றான் அவன். பெட்டியின் வாரை இறுக்கிக் கட்டினான். "பாத்துப் போங்க. மூணாவது வளைவுல மண்ணு சரிஞ்சிருக்கு."

சதக்கத்துல்லா சொன்னபடி செய்தார். வலிக்கும் முழங்காலோடு நாற்பது நாள் மலையில் நடந்து, வீடு வீடாக உட்கார்ந்து கேட்டு எழுதினார். அதன்படியே ஒன்றரை வருடம் கழித்து ஈங்கமலை தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. கீழ்க்குடி இருந்த இடத்தில் இருந்தது. சுற்றுப்பாதை ஈங்கருக்கு மட்டும் என்று எழுதப்பட்டது. வரைபடத்தில் மிதியாக்காட்டுக்கு எந்த நிறமும் கொடுக்காமல் வெறுமையாக விட்டிருந்தார்கள். யாரும் அளக்கக் கூடாது, யாரும் நுழையக் கூடாது.

செம்பாறை வழக்கில் பெனிட்டாவைக் கூண்டில் ஏற்றினார்கள். சுரங்கத்தரப்பு வக்கீல் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "உங்கள் கருவி எப்போதாவது பிழை செய்திருக்கிறதா?"

"ஒரே ஒரு தடவை," என்றாள் அவள்.

எதிரே செம்பாறை மக்கள் உட்கார்ந்திருந்தார்கள். முன்பு அவள் கையைப் பிடித்து அழுதவர்கள். அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. தீர்ப்பு தள்ளி வைக்கப்பட்டது. இன்னும் வரவில்லை.

பூங்கா அறிவிப்பு விழாவுக்கு அழைப்பு வந்தபோது போக வேண்டாம் என்றுதான் நினைத்தாள். அப்புறம் விழா முடிந்த மறுவாரம், எவரும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை, காலைப் பேருந்தில் ஏறிப் போனாள்.

மசினி கொட்டகையில் இருந்தார். கொஞ்சம் மெலிந்திருந்தார். தலைவி பதவியில் இப்போது துடியன் மனைவி இருப்பதாகச் சொன்னார். ஊர் அவரிடம் நன்றாகத்தான் நடந்துகொள்கிறது. விசேஷ வீடுகளுக்கு முதலில் அவரைத்தான் அழைக்கிறார்கள். அன்று பள்ளிக்கூடத்தில் நடந்ததைப் பற்றி இதுவரை ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

"நல்லா வச்சிருக்காங்க மேடம். குறை சொல்ல முடியாது." மசினி தேநீர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தார். "ஆனா என்னாச்சுன்னா, அந்தப் புள்ள இருந்துச்சுன்னு எனக்கு மட்டும்தான் தெரியும்னு இருந்தேன். அன்னிக்கி எல்லார் முன்னாடியும் வாயத் தொறந்து சொன்னேன். அவங்க அவ்வளவு பேரும் சாமிய வச்சுச் சத்தியம் பண்ணி அப்படி ஒண்ணே இல்லேன்னுட்டாங்க. எனக்காகத்தான் சொன்னாங்க. தெரியுது. ஆனா இப்ப நான் அத யார்கிட்ட போய்ச் சொல்றது?"

பெனிட்டா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நானும் பிழைன்னு எழுதிட்டேன் அக்கா."

"ஆமா. நீங்களும் எழுதிட்டீங்க." அதில் குற்றம் சாட்டும் தொனி இல்லை. "போன ரெண்டு ஐப்பசிக்கும் நான் போகல. எப்படிப் போறது? கால் படாத காடுன்னு ஊரே சத்தியம் பண்ணிருக்கு. நான் போனா அது பொய்யாயிரும். இந்த ஐப்பசிக்கும் போக முடியாது. ஒண்ணு கேக்கட்டுமா? அந்த எந்திரம் சொன்னது நெசந்தானே?"

"நிஜம்தான். ஒரு அடிகூடத் தப்பில்ல."

"அதச் சொல்லுங்க. என்னென்ன வருசம், என்ன காட்டுச்சுன்னு சொல்லுங்க. ஒரு தடவை வேற ஆள் வாயால கேக்கணும்."

அளவீடுகளை அழித்துவிட வேண்டும் என்பது விதி. ஆனால் பெனிட்டாவுக்கு அவை மனப்பாடம். ஒவ்வொரு வருடமாகச் சொல்லத் தொடங்கினாள். எந்த வருடம் முதல் மழைக்கு முன், எந்த வருடம் பின், எந்த வருடம் பாறையருகே வெகுநேரம் நின்றதால் தடம் ஆழமாகப் பதிந்தது. மசினி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். ஓர் இடத்தில், "அந்த வருசம்தான் அவரு செத்தாரு," என்றார். இன்னோர் இடத்தில் சிரித்தார்.

"மொத்தம் இருபத்தேழு," என்று முடித்தாள் பெனிட்டா.

மசினி கண்ணைத் திறந்தார்.

"இருபத்தெட்டு."

"இல்ல அக்கா, இருபத்தேழுதான். முதல் தடம் பெருமழைக்கு அடுத்த வருசம்..." சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். பெருமழைக்கு அடுத்த வருடம். பெருமழை வருடத்தில் தடமே இல்லை. குழந்தையை வைத்த நாளின் தடம் இல்லை. இத்தனை மாதமாக அதை அவள் கவனிக்கவே இல்லை.

"மொத தடவை நான் நடக்கல மேடம்," என்றார் மசினி. "அப்ப முறைன்னா பயம் இருந்துச்சு. மிதிக்கக் கூடாதுங்கிறது மனசுல இருந்துச்சு. புள்ளைய சேலையில நெஞ்சோட கட்டிக்கிட்டு, ரெண்டு பாதத்தையும் தூக்கி வச்சிக்கிட்டு, முட்டியாலயும் முழங்கையாலயும் ஊர்ந்துதான் போனேன். வந்ததும் அப்படித்தான். தோலு பூரா உரிஞ்சிருச்சு. அடுத்த வருசம் போறப்ப, அதப் பாக்கிற அவசரத்துல நடந்துட்டேன். பாதி வழியிலதான் தெரிஞ்சுது. அப்புறம் திரும்பவும் ஊர்றதுல என்ன இருக்கு?"

உள்ளங்காலை மட்டுமே தேடும்படிதான் தடமானியைச் செய்திருந்தார்கள். முழங்கால் யாருக்கும் தோன்றவில்லை.

அப்படியானால் அன்று ஜீப்பின் மீது வைத்து அவள் எழுதியது பொய் இல்லை. ஈங்கமலை அளவீட்டில் உண்மையிலேயே பிழை இருந்தது. செம்பாறை மக்கள் முன்னால் கூண்டில் நின்று, பொய்யென்று நினைத்துச் சொன்ன ஒரே வார்த்தையும் உண்மைதான். இது ஆறுதலா இன்னொரு சுமையா என்று பெனிட்டாவுக்குப் பிடிபடவில்லை. யாரிடம் சொல்வது என்றும் தெரியவில்லை.

"எழுதிக்க வேண்டாம்," என்றார் மசினி, அவள் முகத்தைப் பார்த்து. "சும்மா ஞாபகம் வச்சுக்கோங்க. இருபத்தெட்டு."

"இருபத்தெட்டு," என்றாள் பெனிட்டா.

மசினி ஆறிப்போன தேநீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, பாட்டில் ஏற்ற வண்டி வந்திருக்கிறதா என்று பார்க்க வெளியே போனார்.